இலக்கம் முப்பத்தேழு

சுண்டுக்குளியில், டொக்டர் சாமுவேல் அப்பாச்சிப்பிள்ளையின் வீட்டு முற்றத்தில்
சாமான்கள் வெயில் காய்ந்தன.
ஒரு பியானோ. கால் போன இரண்டு கதிரை.
பெட்டி நிறையப் பேறுகால இடுக்கிகள்.
அவற்றால் பிடித்திழுக்கப்பட்டு உலகுக்கு வந்த சிலர்
விலை கேட்டு நின்றார்கள்.

ஏலம் கூறியவர் வெளியூர்.
"இலக்கம் முப்பத்தேழு" என்றவர்
தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
குரலை இறக்கினார்:
"குறிப்போட்டி றைபிள். பழசு. சுடாது."

துவக்கு என்று அவர் சொல்லவில்லை.
தொடங்கு என்றும் பொருள் தரும் சொல் அது.
அந்தப் பொருளுக்கு நாங்கள்
தொடங்கு என்பதையே வைத்துக்கொண்டோம்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி படலைப் பக்கம் நகர்ந்தாள்.

நான் கண்ணாடிக்கடைக்காரன். நாற்பது வருடம்.
சேர்ப்பது தராசு, திசைகாட்டி, நில அளவைக் கருவி;
மயிரளவு பிசகினாலும்
வெட்கப்படுகிற சாமான்கள்.
இதைப் பற்றி முன்னரே விசாரித்திருந்தேன்.
பேர்மிங்ஹாமில் செய்தது, வால்நட் கட்டை.
ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.
வாழ்நாள் முழுக்க ஐம்பது யார் தூரத்தில் காகிதம்,
காகிதத்தில் ஒரு கறுத்த வட்டம்,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த எதிரி.

எண்பத்தாறில் கேட்டு வந்தவர்களுக்கும்
எண்பத்தேழில் கேட்டு வந்தவர்களுக்கும்
தொண்ணூற்றாறில் கேட்டு வந்தவர்களுக்கும்
டொக்டர் ஒரே பதில் சொன்னாராம்:
"பியானோவைத் திறந்து பாருங்கோ."
ஒருவரும் திறக்கவில்லையாம்.
நத்தாருக்கு வாசித்தால் மட்டும்
இடப்பக்கம் நாலு கட்டை ஊமையாம்.

நல்லூர் விடுதிக்காரர் வரவேற்பறைச் சுவருக்கென்று
எழுபதாயிரம் மட்டும் ஏறினார்.
மனைவி அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.
எண்பத்தையாயிரம், ஒருதரம்.
எண்பத்தையாயிரம், இரண்டுதரம்.
சுத்தியல் விழுந்தபோது
மூன்று பேர் குனிந்தோம்.

குழாய்க்குள் ஈயம் ஊற்றி வாயை ஒட்டியாயிற்று
என்று பொலிஸ் கடிதம்.
அதைப் பார்த்தோம் என்று கச்சேரிக் கடிதம்.
இவரை எனக்கு நேரில் தெரியும்
என்று கிராமசேவகர் கடிதம்.
மூன்றையும் சட்டைப்பையில் மடித்து வைத்து
படுக்கை விரிப்பால் அதைச் சுற்றினேன்.

"என்னண்ணை, வீணையோ?" என்றான் ஓட்டோக்காரன்.
"ஓம்."
"வாசிப்பியளோ?"
"இல்லை. பார்க்க."

முந்திச் சோதனைச்சாவடி நின்ற சந்தியில்
ஐஸ்கிறீம் விற்கிறார்கள்.
என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
கண்ணாடியில் பார்த்தேன்:
அவனுடையதும் போயிருந்தது.

வீட்டில், கட்டிலில் கிடத்தி,
எண்ணெய்த் துணியால் ஒருக்கால் துடைத்தேன்.
வியர்த்த கன்னம் பட்டுப் பட்டு
கட்டையில் ஓரிடம் கறுத்திருந்தது.
என் கன்னம் அவ்விடத்துக்கு ஆசைப்பட்டதை
மறைக்க மாட்டேன்.
ஆனால் எதிரே ஜன்னல்,
ஜன்னலுக்கு அப்பால் கொடியில் சேலை விரிக்கிற மரியகொறற்றி.
அவள் வீட்டில் இரண்டு பேர் இன்னும் வரவில்லை.
கொடி வெறுமையான பிறகும்
நான் அதைத் தோளில் வைக்கவில்லை.

பின்குறியை மட்டும் கழற்றினேன்.
நகமளவு வட்டம், நடுவில் ஊசித்துளை.
தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்:
போதிய சின்னத் துளைக்குள்ளால் பார்த்தால்
மங்கிய கண்ணும் கொஞ்சம் தெளியும்.
கடையில் இதே வேலைக்கு
ஓட்டை போட்ட கறுத்த மட்டை வைத்திருக்கிறேன்.
இதற்கு எண்பத்தையாயிரம் கொடுத்ததைச் சொல்லாமல்
குசினிக்குள் போனேன்.

"தவமலர், கண்ணாடியைக் கழட்டிப்போட்டு
இதுக்குள்ளாலை ஒருக்காப் பார்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்து வாங்கினாள்.
என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.
சுவர்ப்பக்கம் மெல்லத் திரும்பினாள்.
"கலண்டர் இன்னும் செவ்வாயிலை நிக்குது" என்றாள்,
"கிழிக்கேல்லையோ?"